மூன்றாம் அத்தியாயம்: எந்த மென்பொருளில் வேலை செய்வது?

"அண்ணே, எஃப்.எல். நல்லமா, கியூபேஸ் நல்லமா?"

செங்கலடியில் திரும்பி பதுளை வீதியில் கொடுவாமடு, கரடியனாறு என்று உள்ளே போனால், பாட்டு வேலையில் இறங்கியிருக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். எதைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே மென்பொருளின் பெயரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கையில் இருக்கும் வேலையைப் பார்ப்போம்.

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மூன்று வகை வேலை வரும். ஒன்று, மனிதர்கள் கூடியிருந்து பாடி வாசிப்பதை அப்படியே பிடிப்பது. கூத்துப் பாட்டு, வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல், உடுக்கு அடித்துப் பாடும் காவியம், கோயில் பஜனை எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, கணினியில் தாளத்தைக் கட்டி அதன் மேல் ஒருவர் பாடும் ரெப், பொப் பாட்டுகள். மூன்றாவது குறும்படம், பாடசாலை நாடகம், கோயில் திருவிழா அறிவிப்பு போன்ற பேச்சு வேலைகள். மூன்றாவதற்கு எந்த மென்பொருளும் போதும், ஓடாசிட்டியே போதும். அது இலவசம், பழைய கணினியிலும் ஓடும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வகைக்கும்தான் தெரிவு தேவைப்படுகிறது, இரண்டுக்கும் தெரிவு வேறு.

முதலில் ஒரு நம்பிக்கையைக் களைய வேண்டும். "கியூபேஸில் செய்தால் சத்தம் தடிப்பாக வரும், புரோ டூல்ஸில் செய்தால் படப்பாட்டு மாதிரி வரும்" என்ற பேச்சு இங்கு பலமாக உண்டு. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நான்கைந்து ஒலிக்கோப்புகளை எடுத்து ஒரு மென்பொருளில் வரிசையாகப் போடுங்கள். எஃபெக்ட் ஒன்றும் போடாமல், அளவுகளைத் தொடாமல் ஒரே கோப்பாக வெளியே எடுங்கள். அதே கோப்புகளை இன்னொரு மென்பொருளிலும் அப்படியே போட்டு எடுங்கள். கிடைத்த இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பி ஒலிக்க விடுங்கள். இரண்டும் ஒன்றேயென்றால் ஒன்றையொன்று அழித்து, எதுவும் கேட்காது. நடுவில் வைத்த ஒலியை எவ்வளவு குறைப்பது என்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் ஒரு விதி உண்டு. அதனால் மெல்லிய சத்தம் மிஞ்சினால் ஒன்றின் அளவைச் சரி செய்து திரும்பப் பாருங்கள், அமைதியாகிவிடும். கூட்டல் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான். தடிப்பு வருவது பாடுகிறவரின் குரலிலும் மைக் வைத்த இடத்திலும்.

அப்படியென்றால் மென்பொருள்களுக்கிடையில் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. அது ஒலியில் இல்லை, உங்கள் கையை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதில் இருக்கிறது. ஒவ்வொன்றும் பிறந்த விதத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

எஃப்.எல். ஸ்டூடியோ 1997இல் பெல்ஜியத்தில் 'ஃப்ரூட்டிலூப்ஸ்' என்ற பெயரில் வந்தது. அப்போது அது சிறு சிறு பெட்டிகளை அழுத்தித் தாளம் கட்டும் ஒரு கருவி மட்டுமே. இன்றும் அதைத் திறந்தவுடன் கை தானாக அந்தப் பெட்டிகளுக்குப் போகும். ரெப் பாட்டுக்கு பீட் கட்டும் பிள்ளைக்கு இதைவிட வேகமான வழி இல்லை. கியூபேஸ் 1989இல் ஜேர்மனியில் அட்டாரி கணினிக்காகப் பிறந்தது. கீபோர்டில் வாசிக்கும் ஸ்வரங்களை எழுதி வைப்பதே அதன் முதல் வேலை. 1991இல் வந்த புரோ டூல்ஸ், ஸ்டூடியோக்களில் டேப் செய்த வேலையைக் கணினிக்குக் கொண்டு வந்தது. குரலையும் வாத்தியத்தையும் நேரே பதிவு செய்து வெட்டி ஒட்டுவதில் அதன் பலம். ஏபிள்டன் லைவ் 2001இல் வந்தது. மேடையில் துண்டு துண்டாக ஒலிகளை ஓடவிட்டு வாசிப்பவர்களை நினைத்துச் செய்யப்பட்டது. லொஜிக் அப்பிள் கருவிகளில் மட்டும்தான் ஓடும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலோருக்கு அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. ரீப்பரைத் தொடங்கியவர் வின்அம்ப் பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல். அதன் நிறுவல் கோப்பு மிகச் சிறியது. டேட்டா கார்ட் போட்டுப் பாவிக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

இப்போது முதல் வகை வேலைக்கு வருவோம். இந்த அத்தியாயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

புதிய கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் நிமிடத்துக்கு 120 அடி, நான்கு அடிக்கு ஒரு சுற்று என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கும். திரையில் கோடுகள் இருக்கும். நீங்கள் வெட்டும், நகர்த்தும் ஒவ்வொன்றும் அந்தக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பீட் கட்டுபவருக்கு இது உதவி. கூத்துப் பாட்டைப் பதிவு செய்பவருக்கு இது முதல் நாளிலேயே வரும் ஆபத்து.

கூத்துக் களரியில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்கிறார். சல்லரி அவரோடு போகிறது. ஆடுகிறவர் ஒரு வரியை இழுத்துப் பாடினால் மத்தளம் காத்திருக்கும். பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடும்போது காலம் கொஞ்சம் கூடும். ஆட்டம் ஏறும்போது தாளக்கட்டு இன்னும் விரையும். வரவு முடியும் இடத்தில் ஒரு வெட்டோடு நிற்கும். கூத்தின் இரு மோடிகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டமும் தாளக்கட்டும் வேறு வேறு. இவற்றில் எதுவும் 120இல் நிற்காது, நிற்கவும் கூடாது. காதில் 'டிக் டிக்' சத்தத்தைப் போட்டு அண்ணாவியாரை அதற்கு அடிக்கச் சொன்னால் அவர் அடிப்பார். ஆனால் அது கூத்து மத்தளமாக இருக்காது.

கூத்தை மாற்றவே கூடாது என்று இல்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கொண்டு கூத்தை மேடையேற்றினார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் போன்றவர்களின் உதவியோடு, விடிய விடிய ஆடியதை மேடை நேரத்துக்குச் சுருக்கினார். எதை வைப்பது, எதை விடுவது என்று கூத்துத் தெரிந்தவர்கள் இருந்து யோசித்துச் செய்த மாற்றம் அது. திரையில் இருக்கும் கோடு யாரையும் கேட்பதில்லை. நீங்கள் கவனிக்காமல் விட்டால் அதுவே முடிவெடுத்துவிடும். கருவி முக்கியமா என்று கேட்டால், இந்த இடத்தில் முக்கியம் என்றே சொல்வேன்.

ஆகவே கூத்துப் பாட்டையோ குளிர்த்திப் பாடலையோ பதிவு செய்ய உட்காரும்போது இப்படிச் செய்யுங்கள். மெட்ரோனோமை நிறுத்துங்கள். கோட்டில் ஒட்டும் வசதியை, அதாவது ஸ்னாப்பை, அணைத்துவிடுங்கள். மேலே இருக்கும் அளவுகோலைச் சுற்றுக் கணக்கிலிருந்து நிமிடம், வினாடிக்கு மாற்றுங்கள். பாட்டை முழுதாக ஒரே மூச்சில் பிடியுங்கள். வரி வரியாகப் பாட வைத்துப் பிறகு ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள். பிழை விட்டால் அந்தப் பாட்டைத் தொடக்கத்திலிருந்து இன்னொரு தரம் எடுப்பது நல்லது.

பிறகு அதன் மேல் பேஸ், கீபோர்ட் ஏதும் சேர்க்க விரும்பினால், மத்தளத்தைக் கோட்டுக்கு இழுக்காமல், கோடுகளை மத்தளத்துக்கு இழுங்கள். ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் அடியில் ஒரு குறி வைத்து, அந்த இடத்தில் வேகம் இவ்வளவு என்று மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுப்பது இது. ரீப்பரிலும் கியூபேஸிலும் இதைச் செய்ய நேரான வழிகள் உண்டு. லொஜிக் 2018இல் இருந்து ஓரளவு தானாகவே செய்கிறது. எஃப்.எல்.லிலும் வேகத்தை மாற்றிக்கொண்டே போகலாம். ஆனால் கைவேலை கூடும். மத்தளம், உடுக்கு, குரல் என்று பிடிக்கப் போகிறவர்களுக்கு நான் ரீப்பரைச் சொல்வது முக்கியமாக இதனால்தான். விலை இரண்டாவது காரணம்.

அதே மாதிரி இன்னொரு முடிவு சுருதியில் நடக்கிறது. மென்பொருளில் வரும் கீபோர்ட் ஒலிகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியவை. காவியம் பாடும் ஐயா அந்தப் பங்கீட்டில் பாடுவதில்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழ்ப் பண்களின் சுருதிகளைக் கணக்கிட்டு வகுத்த 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. சுரங்களுக்கிடையிலான இடைவெளி எவ்வளவு நுட்பமானது என்பதற்கு எங்கள் மண்ணிலேயே அவ்வளவு பெரிய ஆய்வு இருக்கிறது. 1997இல், ஃப்ரூட்டிலூப்ஸ் வந்த அதே ஆண்டில், சுருதியைத் தானாகத் திருத்தும் ஓட்டோ டியூனும் வந்தது. நிலத்துக்கு அடியில் எண்ணெய் தேட ஒலி அலைகளை ஆராய்ந்த ஒரு பொறியியலாளர் கண்டுபிடித்தது. இன்று பல மென்பொருள்களில் அதைப் போன்ற ஒன்று இருக்கிறது. ரெப் பாட்டில் அந்தக் குரலை வேண்டுமென்றே ஒரு நிறமாகப் பாவிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குளிர்த்தி பாடும் ஓர் அம்மாவின் குரலில் அதைப் போட்டால், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு அவர் வழுக்கிப் போகும் பாதை முழுவதும் படிக்கட்டாக மாறிவிடும். போடாதீர்கள். ஓரிடத்தில் சுருதி விலகியிருந்தால் அந்தச் சொல்லை மட்டும் கையால், மெதுவாகத் திருத்துங்கள்.

இனிக் காசுக் கணக்கு.

கைத்தொலைபேசி மட்டும் இருந்தால் பேண்ட்லாப்பில் தொடங்குங்கள். அன்ட்ரொயிட் போனில் இலவசமாக ஓடும். பல தடங்களில் பதிவு செய்யலாம். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடும்போது குரல் சற்றுப் பிந்திக் கேட்கும், அதுதான் குறை. பழைய லப்டொப் இருந்தால் ரீப்பர். 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம். தனியாளுக்கும் சிறு தொழிலுக்கும் உரிமம் 60 டொலர், டொலர் 300 ரூபாய் அளவில் இருந்தால் 18,000 ரூபாய். எஃப்.எல்.லை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பதிப்புகள் பல உண்டு, குரலைப் பதிவு செய்ய எந்தப் பதிப்பு தேவை என்று வாங்குமுன் பாருங்கள். எஃப்.எல்.லின் சோதனைப் பதிப்பில் செய்த வேலையைச் சேமிக்கலாம், ஆனால் வாங்கும் வரை திரும்பத் திறக்க முடியாது. ஆகவே சோதனையில் இருக்கும்போது மூடுவதற்கு முன் ஒவ்வொரு தடத்தையும் ஒலிக்கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். ஒருமுறை வாங்கினால் பின்னர் வரும் பதிப்புகள் எல்லாம் இலவசம் என்பது எஃப்.எல்.லின் பெரிய நன்மை. பீட் வேலையே உங்கள் வழி என்று உறுதியானால் அதற்குக் காசு சேர்ப்பது நியாயம்.

கடையில் லப்டொப் வாங்கும்போதே 'கிரக்' செய்த கியூபேஸும் ஆயிரம் பிளகினும் ஏற்றித் தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்தவர் உழைப்பு என்பது ஒரு காரணம். பாட்டு எழுதுகிற நாங்கள் எங்கள் பாட்டை இன்னொருவர் காசு கொடுக்காமல் எடுத்தால் கோபப்படுகிறோம். வேலைக்கு நேரடியாக வரும் கெடுதல் இன்னொரு காரணம்: அந்தக் கோப்புகளோடு வைரஸ் வரும், பாதியில் நின்றுவிடும், நின்றால் உதவி கேட்க இடமில்லை. அதோடு, இலவசமாகவும் குறைந்த விலையிலும் இவ்வளவு இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

காசு கொடுத்து வாங்கினாலும் ஒரு மென்பொருளை முழுதாக நம்பி வேலையை அதற்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். 1987இல் இருந்து வந்த கேக்வோக் என்ற மென்பொருளை அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் 2017 நவம்பரில் நிறுத்தியது. பல ஆண்டுகளாக அதில் வேலை செய்தவர்கள் ஒரே நாளில் தவித்துப் போனார்கள். அடுத்த ஆண்டு பேண்ட்லாப் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது நல்ல காலம். ஒரு பாட்டு முடிந்தவுடன் ஒவ்வொரு தடத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வேவ் கோப்பாக எடுத்து, பாட்டின் பெயர், பாடியவர், திகதி போட்டு ஒரு ஃபோல்டரில் வையுங்கள். 24 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸில் ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 மெகாபைட். எட்டுத் தடத்தில் ஒரு மணி நேரம் என்றால் 4 ஜிகாபைட்டுக்குக் கிட்ட வரும். ஒரு பென்ட்ரைவில் அடங்கும். கொழும்பிலோ சென்னையிலோ புரோ டூல்ஸில் மிக்ஸ் செய்கிறவருக்கும் இதையே அனுப்பலாம். நீங்கள் எதில் செய்தீர்கள் என்று அவர் கேட்க மாட்டார்.

மென்பொருளை விட அதிகமாக ஒலியைத் தீர்மானிப்பவை வேறு இருக்கின்றன. எங்கள் வாவியின் பாடும் மீன்களின் ஒலியை 1950களில் மட்டக்களப்பில் இருந்த அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் அருட்தந்தை லாங் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியில் ஒலித்தது. கரையில் நின்றால் சரியாகக் கிடைக்காத ஒலி அது. ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கினால்தான் தெளிவாகக் கிடைக்கும். நீங்கள் செய்யும் எல்லா வேலைக்கும் அதுதான் பொருந்தும்: ஒலி எங்கே பிறக்கிறதோ அதற்கு ஒலிவாங்கி எவ்வளவு கிட்டப் போகிறது, நடுவில் என்ன இருக்கிறது.

கரடியனாற்றுப் பக்கத்து வீடு ஒன்றில் நடுவில் இருப்பவை பல. தகரக் கூரை, சீமெந்துச் சுவர், மின்விசிறி, மயில், வீதியில் போகும் டிரக்டர். மாரி மழையில் தகரக் கூரையின் கீழ் மைக்கைத் திறக்க முடியாது. பெரும்போக அறுவடை நடக்கும் மாதங்களில் வெட்டு மெஷின் சத்தம் வயலைத் தாண்டி வரும். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அமைதியாக இருக்கும், ஆனால் யானைக்கு வெடி போடும் காலம் என்றால் அதுவும் இல்லை. வெறும் சுவருள்ள அறையில் குரல் மோதித் திரும்பும். பாய், போர்வை, நெல் மூட்டை எது இருந்தாலும் பாடுகிறவரின் பின்னாலும் பக்கங்களிலும் வையுங்கள். மூட்டை அடுக்கிய அறை பெரும்பாலும் நல்ல பதிவு அறை.

ஒரே மைக்கில் கூத்துக் குழுவைப் பிடிக்க வேண்டி வந்தால் ஆட்களை நகர்த்துங்கள். பாடுகிறவர் கிட்ட, மத்தளம் ஓர் அடி பின்னால், ஒரு பக்கமாக, பிற்பாட்டுக்காரர் இரண்டு பக்கமும் வளைவாக, சல்லரி எல்லாருக்கும் பின்னால். சல்லரியின் கூர்மையான ஒலி மற்ற எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு வரும், தூர வைத்தாலும் கேட்கும். அளவைப் பார்க்கும்போது மிக உரத்த அடியும் −12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் பிடித்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். அளவு மிஞ்சி உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடுகிறவருக்குக் குரல் பிந்தி வந்தால் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தரத்தில் எடுத்துக் கையாளும் ஒலித் துண்டின் நீளத்தை, குறையுங்கள். 256 என்றால் போக ஏறக்குறைய 6 மில்லிவினாடி, வர அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் நான்கு மீற்றர் தூரத்தில் நிற்பவரின் சத்தம் வந்து சேரும் நேரம். பெரும்பாலானோருக்குத் தாங்கும். 1024இல் வைத்தால் பாட முடியாது. விண்டோஸ் கணினியில், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸின் சொந்த ஏசியோ டிரைவரை நிறுவாமல் "மென்பொருள் மோசம்" என்று மாற்றித் திரிகிறவர்கள் அனேகம். மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு இருந்தது. அவ்வளவு இனி வராவிட்டாலும் மழைக்காலத்தில் கரண்ட் போகும். பற்றரி நல்லதாக உள்ள லப்டொப், விலை கூடிய பிளகினை விட முக்கியம். தானாகச் சேமிக்கும் வசதியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் என்று வையுங்கள்.

குறைந்த கருவியில் நிறைந்த வேலை செய்தவர்கள் உண்டு. லண்டனில் பிறந்த ஈழத்துத் தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ., இரவல் வாங்கிய ரோலண்ட் எம்.சி.505 என்ற ஒரு பெட்டியில் தொடங்கிய பாட்டுகள்தான் 2005இல் வந்த 'அருளர்' இசைத்தொகுப்பாக வளர்ந்தன. அந்தப் பெட்டியின் ஒலிகளை அவர் மறைக்கவில்லை; தொகுப்பின் குணமே அதுதான். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' தொகுப்பு 1982இல் நான்கு தடக் கசெட் கருவியில் வீட்டில் பதிவானது. லண்டன் இசைக்கலைஞர் பரியல் 2007இல் 'அன்ட்ரூ' தொகுப்பை சவுண்ட் ஃபோர்ஜ் என்ற மென்பொருளில், தாளக் கோடுகளே இல்லாமல் அலையைக் கண்ணால் பார்த்து அடுக்கிச் செய்தார். ஆனால் ஏ.ஆர். ரகுமான் 'ரோஜா'வுக்கு முன்பே சென்னை வீட்டில் தனக்கென ஒரு ஸ்டூடியோவைக் கட்டிக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் நேரத்தில், தன் விருப்பப்படி திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் வசதியை அது அவருக்குக் கொடுத்தது. அந்த வசதிதான் இன்று ஒரு லப்டொப்பில் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை மென்பொருள் மாற்றிக்கொண்டே இருப்பதில் செலவழிக்காதீர்கள்.

மத்தளக்காரர் வலந்தலை எங்கே, தொப்பி எங்கே என்று குனிந்து பார்ப்பதில்லை. உங்கள் கைக்கும் வெட்ட, ஒட்ட, அளவு குறைக்க, திரும்பிப் போக உள்ள பத்துப் பன்னிரண்டு விசைகள் அப்படி வர வேண்டும். அதற்கு ஒரே மென்பொருளில் குறைந்தது ஒரு போகம், விதைப்பிலிருந்து அறுவடை வரை, இருங்கள். அந்தக் காலத்தில் ஒரு கொப்பியை மேசையில் வைத்து, செய்ய நினைத்து முடியாமல் போனதை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். போகம் முடிந்து பார்க்கும்போது பெரும்பாலான வரிகள் மைக், அறை, நேரம், பயிற்சி பற்றியவையாக இருந்தால் அதே மென்பொருளில் தொடருங்கள். ஒரே மென்பொருள் குறை மூன்று நான்கு தரம் எழுதப்பட்டிருந்தால், அந்தக் குறை இல்லாத ஒன்றின் சோதனைப் பதிப்பை இறக்கி, ஏற்கெனவே முடித்த ஒரு பாட்டின் வேவ் கோப்புகளை அதில் போட்டு, அந்த ஒரு வேலையை மட்டும் செய்து பாருங்கள். அது அங்கே சுலபமாக முடிந்தால் மாறுங்கள்.